கால் மில்லிமீட்டரில் தொலைந்த மூன்று வாரம்

காரில் கியர் தண்டின் தலையில் இருக்கும் குமிழை மாற்றுவது ஐந்து நிமிட வேலை என்று சொல்லாத ஆளே இல்லை. பழையதை இடப்பக்கம் திருகிக் கழற்று, புதியதை வலப்பக்கம் திருகி மாட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திரு. நானும் அதை அப்படியே நம்பி, ஒரு சனிக்கிழமை காலை, குளிப்பதற்கு முன் முடித்துவிடலாம் என்று காரில் ஏறி உட்கார்ந்தேன். வேலை முடிந்தது மூன்று வாரம் கழித்து. அதற்குள் ஒரு புதிய குமிழ் குப்பையாகிவிட்டது, தண்டைச் சுற்றியிருக்கும் தோல் உறையின் பிளாஸ்டிக் வளையம் உருகிவிட்டது, கியர் தண்டின் நுனியில் இருந்த மரைகள் நசுங்கிவிட்டன, வண்டி ஒரு வாரம் டென்னிஸ் பந்தோடு ஓடியது. கடைசியில் கணக்குப் போட்டபோது, அந்தக் குமிழுக்கு முதலில் கொடுத்த தொகையைப் போல நான்கு மடங்குக்கு மேல் போயிருந்தது. யாராவது ஒருவர் முன்கூட்டியே ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இதில் பாதிக்கு மேல் நடந்திருக்காது. அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க ஆள் இல்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி, மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டாம் தலைமுறை, ஐந்து கியர், கூரையை மடித்து வைக்கும் இருவர் கார். பழைய வண்டியாக வாங்கினேன். வாங்கும்போதே அதில் முந்தைய உரிமையாளர் மாட்டியிருந்த ஓர் அலுமினிய உருண்டைதான் கியர் குமிழாக இருந்தது. பார்க்க அழகு. ஆனால் அரை மணி நேரம் ஓட்டினால் போதும், வெயில் இறங்கிய பிறகும்கூட, கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறிவிடும். உலோகம் என்றால் சுடத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். (இந்த நினைப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.) அதனால் எஃகு உள்ளீடும் டெல்ரின் என்ற கடினப் பிளாஸ்டிக் மேலோடும் கொண்ட ஒரு கனமான குமிழைப் பார்த்து வைத்தேன். டெல்ரின் வெப்பத்தை எளிதில் கடத்தாது, எஃகு கனத்தைக் கொடுக்கும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

கனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு. கியர் மாற்றும்போது, சுழலும் இரண்டு பகுதிகளின் வேகத்தை ஒன்றாக்கிய பிறகுதான் கியர் உள்ளே விழும். அந்த வேலையைச் செய்வது சிங்க்ரோ வளையம். அது தன் வேலையை முடிக்கும்வரை தண்டு ஒரு நொடிப்பொழுது தயங்கி நிற்பதை உள்ளங்கையில் உணரலாம். தண்டின் தலையில் கனம் இருந்தால், நகரத் தொடங்கிய அந்தக் கனமே தள்ளிக்கொண்டு போவதால் தயக்கம் அவ்வளவாகத் தெரிவதில்லை, வழுக்கிக்கொண்டு விழுவதுபோல் இருக்கும். கியர்பெட்டிக்கு இதனால் ஆயுள் கூடாது, கைக்குத்தான் சுகம். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: பழைய உருண்டை 140 கிராம், புதியது 470 கிராம். தேய்ந்துபோன கியர்பெட்டியில் இந்தக் கனம் எதிராகவும் வேலை செய்யும். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது தலைக்கனமான தண்டு ஆடி, கியர் தானாக வெளியே வந்துவிடக்கூடும். உங்கள் வண்டியில் ஏற்கெனவே அந்தக் கோளாறு இருந்தால் கனமான குமிழைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பழைய குமிழைப் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. ரப்பர் கையுறை போட்டுத் திருகினேன். அசையவில்லை. துணியைச் சுற்றிப் பெரிய இடுக்கியால் பிடித்து முழு பலத்தையும் போட்டேன். குமிழ் அசையவில்லை, ஆனால் தண்டு முழுவதும் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு, விட்டதும் திரும்பி வந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். பல கார்களில் கியர் தண்டு ஒரே கம்பி அல்ல. அதிர்வு மேலே வராமலிருக்க நடுவில் ரப்பர் வைத்து இரண்டு துண்டாக இணைத்திருப்பார்கள். குமிழை மட்டும் பிடித்துத் திருகினால் அந்த முறுக்கு முழுவதும் ரப்பரிலும், அதற்குக் கீழே கியர்பெட்டிக்குள் தண்டின் அடியைப் பிடித்திருக்கும் சின்னப் பிளாஸ்டிக் வளையமான புஷ்ஷிலும்தான் போய் விழும். தோல் உறையைக் கீழே இறக்கிவிட்டு, குமிழுக்குச் சற்றுக் கீழே தண்டை ஒரு வைஸ் கிரிப்பால் (கடித்த இடத்தில் பூட்டிக்கொள்ளும் இடுக்கி) அசையாமல் பிடித்துக்கொண்டு, அதற்கு எதிராகத்தான் குமிழைத் திருக வேண்டும். இது எனக்குத் தெரிந்தது இரண்டு மணி நேரம் கழித்து. அதற்குள் அலுமினிய உருண்டையில் இடுக்கியின் பற்கள் அழகாகப் பதிந்திருந்தன. துணி சுற்றினால் தடம் விழாது என்பது பொய்.

குமிழின் அடியில் விளக்கு அடித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. மரைகளுக்கு இடையிலிருந்து சிவப்பாக ஏதோ பிதுங்கிக் காய்ந்திருந்தது. திரெட்லாக்கர். மரை தானாகக் கழன்றுவிடாமல் இருக்கப் பூசும் பசை. வழக்கமாக நீல நிறத்தில் வருவது நடுத்தர வலு கொண்டது, சாதாரணக் கருவிகளால் கழற்றிவிடலாம். சிவப்பு என்றால் நிரந்தரமாக இருக்க வேண்டியவற்றுக்கு. அதை இளக்க ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கியாக வேண்டும். ஒரு கியர் குமிழுக்குச் சிவப்புப் பசை போட்ட மனிதரின் மரையில் எத்தனை கழன்றிருந்தன என்று அன்றைக்கு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஹேர் டிரையரை வைத்து முக்கால் மணி நேரம் ஊதினேன். குமிழ் சூடானது, நானும் சூடானேன், பசை இளகவில்லை. ஹேர் டிரையரால் அந்த வெப்பத்தைத் தொடவே முடியாது. அடுத்த நாள் ஒரு ஹீட் கன் வாங்கி வந்தேன். அது தாராளமாகத் தொடும். ஆனால் அது குமிழை மட்டும் சூடாக்கும் என்று நினைத்தது என் தவறு. தோல் உறையை நன்றாகக் கீழே இறக்கி, மேலே அலுமினியத் தாளைச் சுற்றி மறைத்திருக்க வேண்டும். நான் உறையைச் சும்மா மடித்து விட்டிருந்தேன். குமிழிலிருந்து சீறி வந்த சூடான காற்று நேராகக் கீழே இறங்கி, உறையை இருக்கைகளுக்கு நடுவே உள்ள கன்சோலில் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் வளையத்தை ஒரு பக்கம் மெழுகுபோலத் தொய்ய வைத்துவிட்டது. நாற்றம் வந்த பிறகுதான் கவனித்தேன். குமிழ் மட்டும், ஒன்றுமே நடக்காததுபோல, அடுத்த திருகலில் சுகமாகக் கழன்று வந்தது.

அன்று நான் இழந்தது ஒரு வளையமும் ஒன்றரை நாளும். அத்தோடு போயிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

புதிய குமிழை எடுத்து வைத்தேன். முதல் இரண்டு சுற்று வெண்ணெயாக இறங்கியது. மூன்றாவது சுற்றில் பிடித்தது. இங்கேதான் என் அறிவு எனக்கு எதிராக வேலை செய்தது. சற்று முன்தான் சிவப்புப் பசையோடு மல்லுக்கட்டி முடித்திருக்கிறேன். ஆகவே இந்தப் பிடிப்பும் மரைகளில் மிச்சமிருக்கும் பசைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். தண்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்தேன், துடைத்தேன், மறுபடி மாட்டினேன். மறுபடியும் அதே மூன்றாவது சுற்று. பசை இன்னும் உள்ளே இருக்கிறது போலும், குமிழே அதை அரைத்துத் தள்ளிவிடும் என்று சொல்லிக்கொண்டு, இப்போது எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த வைஸ் கிரிப் வித்தையைக் கையாண்டேன். தண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குமிழைப் பலமாகத் திருகினேன். நாலரைச் சுற்று போயிருக்கும். கரகரவென்று ஒரு சத்தம், பிறகு திடீரென்று லேசாகிவிட்டது. அந்த லேசு இருக்கிறதே, வண்டி வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் தெரியும், வயிற்றில் ஏதோ நழுவுவதுபோல் இருக்கும். குமிழைத் தூக்கினேன். திருகாமலே கையோடு வந்துவிட்டது. உள்ளேயிருந்து பளபளவென்று எஃகுத் துகள்கள் மடியில் கொட்டின.

நடந்தது இதுதான். எம்எக்ஸ்-5 தண்டின் மரை, விட்டம் 10 மில்லிமீட்டர், புரியிடை 1.25 மில்லிமீட்டர். புரியிடை என்பது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே உள்ள தூரம். நான் வாங்கிய குமிழின் மரை, விட்டம் 10, புரியிடை 1.5. விட்டம் ஒன்றேதான், ஆகவே நுழையும். புரியிடையில் கால் மில்லிமீட்டர் வித்தியாசம், அது முதல் சுற்றில் தெரியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கால் மில்லிமீட்டர் சேர்ந்துகொண்டே போய், மூன்றாவது சுற்றில் மரையும் மரையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் திருகினால் எது மெதுவானதோ அது சாகும். குமிழின் உள்மரை அலுமினியமாகவோ பித்தளையாகவோ இருந்திருந்தால் குமிழ் மட்டும் செத்திருக்கும். நான்தான் எஃகு உள்ளீடு வேண்டும் என்று தேடிப்பிடித்து வாங்கியவன் ஆயிற்றே. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன.

விற்பனைப் பக்கத்தில் "10 மி.மீ., ஜப்பானியக் கார்களுக்கு" என்று போட்டிருந்தது. அது பொய்யும் அல்ல. ஹோண்டாவின் தண்டுகள் 10க்கு 1.5. மாஸ்டாவில் 10க்கு 1.25. டொயோட்டா ஜிடி86, அதன் உடன்பிறப்பான சுபாரு பிஆர்இசட் இரண்டும் 12க்கு 1.25. எல்லாமே ஜப்பானியக் கார்கள்தான். "ஜப்பானியக் கார்" என்பது ஓர் அளவு அல்ல, விட்டம் மட்டும் சொன்னால் அதுவும் முழு அளவு அல்ல. வாங்குவதற்கு முன் நீங்கள் விற்பவரிடம் கேட்க வேண்டிய அந்த ஒரே கேள்வி, விட்டம் எவ்வளவு என்பதல்ல, புரியிடை எவ்வளவு என்பது. அவருக்குத் தெரியவில்லை என்றால் அங்கே வாங்காதீர்கள். உங்கள் வண்டியின் அளவை நீங்களே பார்ப்பதும் பெரிய காரியம் அல்ல. பழைய குமிழைக் கழற்றிவிட்டு, ஓர் அளவுகோலைத் தண்டின் மரையோடு ஒட்டிப் பிடியுங்கள். எட்டு இடைவெளிகள் சரியாக 10 மில்லிமீட்டர் வந்தால் புரியிடை 1.25. 12 மில்லிமீட்டர் வந்தால் 1.5. கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பல கார்களில் இருக்கும் 14 மில்லிமீட்டர் ஸ்பார்க் பிளக்கின் புரியிடை 1.25. பழைய பிளக் ஒன்றை எடுத்து அதன் மரையைத் தண்டின் மரையோடு பக்கவாட்டில் வைத்து அழுத்திப் பாருங்கள். பற்கள் இடைவெளியில்லாமல் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்தால் 1.25, ஆடினால் வேறு. இந்த யோசனை எனக்குப் பின்னால் லேத் பட்டறைக்காரர் சொல்லிக் கொடுத்தது. என் வீட்டில் பழைய ஸ்பார்க் பிளக் நான்கு கிடந்தன, ஆறு மாதமாக.

திருகும்போதும் ஒரு விதி உண்டு. முதலில் குமிழைத் தண்டின் மேல் வைத்து, எதிர்ப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் சின்னதாக "டக்" என்று விழும். அங்கேதான் மரையின் தொடக்கம். அங்கிருந்து முன்பக்கம் திருப்பினால் கோணல் மாணலாக ஏறாது. பிறகு ஐந்தாறு சுற்றாவது இரண்டு விரல்களின் பலத்திலேயே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் காரணம் எதுவாக இருந்தாலும் கருவியை எடுக்காதீர்கள். பசை மிச்சம் இருக்கிறது, அழுக்கு இருக்கிறது, புதிது என்பதால் இறுக்கமாக இருக்கிறது என்று மனம் ஆயிரம் சொல்லும். என் மனமும் சொன்னது.

இதெல்லாம் திருகு மரை உள்ள வண்டிகளுக்கு. எல்லா வண்டியும் அப்படி இல்லை. பிஎம்டபிள்யூ கார்களில் குமிழ் மரையே இல்லாமல் அழுத்தி மாட்டப்பட்டிருக்கும், நேராக மேலே இழுத்துத்தான் எடுக்க வேண்டும். இழுக்கும்போது முகத்தைத் தண்டுக்கு நேரே வைத்துக்கொள்ளக் கூடாது. விட்டுக்கொடுக்கும் அந்தக் கணத்தில் குமிழ் நேராக மூக்குக்கு வரும். ஜிடி86 போன்றவற்றில் ரிவர்ஸ் போடக் குமிழுக்குக் கீழே ஒரு வளையத்தைத் தூக்க வேண்டும். குமிழை மாற்றும்போது அந்த வளையம் நிற்கவும் இயங்கவும் இடம் இருக்கிறதா, அதற்கான இணைப்பு கிடைக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று மூன்று சின்னத் திருகாணிகளால் தண்டைக் கடித்துக்கொண்டு நிற்கும் குமிழ்களும் கிடைக்கின்றன. ஓட்டத்தில் இளகும், தண்டில் பள்ளம் போடும். எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை இல்லை.

மரை போன தண்டோடு வண்டி நின்றது. வேலைக்குப் போக எனக்கு வேறு வண்டி இல்லை. வெறும் தண்டைப் பிடித்து ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். திடீரென்று பிரேக் அடித்தால் அது உங்களை நோக்கி நிற்கும் ஓர் இரும்புக் கம்பி. ஒரு டென்னிஸ் பந்தில் கத்தியால் சிறு பிளவு போட்டு, தண்டின் மேல் இறுக அழுத்திச் செருகி, கீழே டேப்பால் சுற்றினேன். ஒரு வாரம் அப்படியே ஓடியது. சிக்னலில் பக்கத்தில் நிற்பவர்கள், கூரை மடித்த ஸ்போர்ட்ஸ் காருக்குள் பச்சைப் பந்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்ப்பார்கள். நான் முன்னால் இருக்கும் விளக்கைப் பார்ப்பேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பந்து சுடவே இல்லை, பிடிக்கவும் நன்றாகத்தான் இருந்தது.

விற்றவர்களுக்கு எழுதினேன். மரை சேதமடைந்த பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று மறுநாளே பதில் வந்தது. மரை எப்படிச் சேதமடைந்தது என்பது அவர்களுக்கு முக்கியமல்ல. புரியிடையைப் பக்கத்தில் குறிப்பிடாதது உங்கள் தவறுதானே என்று இரண்டாவது கடிதம் எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. மூன்றாவது சுற்றிலேயே நிறுத்தியிருந்தால் குமிழ் புதுசாகவே இருந்திருக்கும், பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கலாம். இறுகும் இடத்தில் நிறுத்தினால் பொருள் உங்களுடையது அல்ல, இன்னும் கடைக்காரருடையது. கருவியை எடுத்த நொடியில் அது உங்களுடையதாகிவிடுகிறது.

தண்டை ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கொண்டுபோனேன் என்றால், கன்சோலைக் கழற்றி, உறைகளை எடுத்து, தண்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை எடுத்து, தண்டை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பட்டறைக்காரர் வயதானவர். தண்டை வாங்கி நகத்தால் மரையை ஒருமுறை வருடிப் பார்த்தார். "ஒன்றேகாலில் ஒன்றரையை ஏற்றினாயா, தம்பி?" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். "பசை இருக்கிறது என்று நினைத்திருப்பாய்" என்றார். என்னைப்போல் எத்தனை பேரைப் பார்த்திருப்பார் என்று தெரியவில்லை.

புதிதாக வெட்ட வேண்டியதில்லை, இருப்பதையே மீட்டுவிடலாம் என்றார். அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். டை என்பது வெளிமரை வெட்டும் கருவி. நான் என்றால் நேராக டையை எடுத்து நுனியில் வைத்துத் திருகியிருப்பேன். அவர் அப்படிச் செய்யவில்லை. நுனியிலிருந்த மரைகள்தானே நசுங்கிக் கிடக்கின்றன, அங்கே வைத்தால் டை தப்பான வழியைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் பாழாக்கிவிடும். முதலில் நுனியை அரத்தால் சரிவாகத் தேய்த்தார். பிறகு மெல்லிய முக்கோண அரத்தை எடுத்து, கீழே சேதமில்லாமல் இருந்த மரையிலிருந்து தொடங்கி, அந்தப் பள்ளத்தின் வழியையே பின்பற்றி மேலே வந்து, நசுங்கிய இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். அதன் பிறகுதான் எண்ணெய் விட்டு, 10க்கு 1.25 டையை வைத்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று துகளை உடைத்து உடைத்து இறக்கினார். இருபது நிமிடம். கடைசியில் ஒரு நட்டைப் போட்டு விரலால் சுழற்றிவிட்டார், அது தானாகவே அடிவரை ஓடியது. நுனியில் இரண்டு மரை மெலிந்துதான் போயிருக்கிறது. மீதி பிடித்துக்கொள்ளும் என்றார். பிடித்துக்கொண்டிருக்கிறது.

தண்டைத் திரும்பப் பொருத்தும்போதுதான் இந்தக் கதையின் உண்மையான விஷயத்தைக் கண்டேன். கன்சோலுக்கு அடியில், கியர்பெட்டியின் வாயை மூடிக்கொண்டு ஒரு ரப்பர் உறை இருக்கிறது. மேலே தெரியும் தோல் உறை அழகுக்கு. இதுதான் வேலைக்கு. கீழிருந்து வரும் வெப்பத்தையும் சத்தத்தையும் புழுதியையும் தடுப்பது இது. என் வண்டியில் அது சுற்றளவில் முக்கால் பங்கு கிழிந்து, ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றிய அன்றே பார்த்திருக்க வேண்டும், அன்றைக்கு எனக்குத் தண்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. கியர்பெட்டியின் வெப்பமும் புகைபோக்கிக் குழாயின் வெப்பமும் அந்தக் கிழிசல் வழியாக ஏறி, எஃகுத் தண்டையும் அதன் தலையில் இருந்த அலுமினிய உருண்டையையும் சூடாக்கிக்கொண்டிருந்தன. குமிழ் சுடுகிறது என்று குமிழை மாற்றக் கிளம்பிய நான், ஏன் சுடுகிறது என்று ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. உங்கள் குமிழ் வெயிலில் நிறுத்திய பிறகு மட்டும் சுட்டால் அது உலோகத்தின் குணம். இரவில் ஓட்டும்போதும் நேரம் ஆக ஆகச் சூடு ஏறினால் குமிழை விட்டுவிட்டுக் கீழே பாருங்கள்.

ரப்பர் உறையும், தண்டின் அடியில் இருந்த தேய்ந்த பிளாஸ்டிக் புஷ்ஷும், உருகிய வளையத்துக்கு மாற்றும் சேர்த்து வரவழைத்தேன். வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் தண்டே இல்லாமல் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. இந்த வண்டிக்கு ஒரு வசதி, பத்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட மாடல் என்பதால் பழைய தலைமுறைக்கும் உதிரிபாகம் கிடைக்கிறது. அரிதான வண்டி வைத்திருப்பவர்கள் எதையும் சூடாக்குவதற்கு முன் அதற்கு மாற்று கிடைக்குமா என்று பார்த்துவிட்டுச் சூடாக்கவும். புஷ் மாற்றியதில் தண்டின் தளர்வான ஆட்டம் போயே போய்விட்டது. கனமான குமிழ் தரும் என்று நான் எதிர்பார்த்த அந்த நேர்த்தியில் பாதியை அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டே கொடுத்துவிட்டது.

இரண்டாவது குமிழை, புரியிடையை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே வரவழைத்தேன். இம்முறை இன்னொன்றையும் கவனித்தேன். செத்துப்போன முதல் குமிழின் தலையில் ஆறு கியர் வரிசை பொறிக்கப்பட்டிருந்தது. என் வண்டியில் ஐந்துதான். அந்தப் படத்தில் ஆறு இருக்கும் இடத்தில், அதாவது ஐந்துக்கு நேர் கீழே, என் வண்டியில் இருப்பது ரிவர்ஸ். எனக்குத் தெரியும், சரி. வண்டியை ஒரு நாள் நண்பர் எடுத்துக்கொண்டு போய், நெடுஞ்சாலையில் ஐந்தாவதில் ஓடும்போது, ஆறாவது போடலாம் என்று படத்தைப் பார்த்துக் கீழே இழுத்தால்? அப்படி நேராக விழாமல் தடுக்க உள்ளே ஒரு தடை உண்டு என்றாலும், பல வருடம் தேய்ந்த தடையைச் சோதித்துப் பார்க்க நான் விரும்பவில்லை. ஜப்பானில் வாகனத் தகுதிச் சோதனையின்போது கியர் வரிசை ஓட்டுநர் பார்வையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். படமே இல்லாத மொட்டைக் குமிழ் மாட்டுபவர்கள் பக்கத்தில் ஓர் ஒட்டுப்படமாவது வைப்பது நல்லது.

மாட்டும்போது கடைசிச் சிக்கல் ஒன்று வரும். குமிழ் முழுவதும் இறுகும் இடத்தில், தலையில் உள்ள படம் நேராக நிற்காது. என்னுடையது ஏறக்குறைய வலப்பக்கம் பார்த்து நின்றது. அதை நேராக்கத்தான் முந்தைய உரிமையாளர் பாதியில் நிறுத்திச் சிவப்புப் பசையை ஊற்றியிருக்கிறார் என்று இப்போது புரிகிறது. சரியான வழி, அதே மரையளவு உள்ள ஒரு மெல்லிய நட்டை முதலில் தண்டில் இறக்கிவிட்டு, குமிழை அதன் மேல் படம் நேராக வரும்வரை திருகி, பிறகு நட்டை மேல்நோக்கித் திருகிக் குமிழின் அடியோடு இறுக்குவது. இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். பசை வேண்டவே வேண்டாம். வேண்டும் என்றே தோன்றினால் நீலம், ஒரு சொட்டு. பிளாஸ்டிக் மேலோடு உள்ளவர்கள் அதையும் தவிர்க்கலாம், திரெட்லாக்கர் சில வகைப் பிளாஸ்டிக்குகளில் பட்டால் விரிசல் விடும். மாட்டிய ஒரு வாரம் கழித்து ஒரு முறை பிடித்து ஆட்டிப் பாருங்கள். எனக்கு ஒரு முறை நட்டு இளகியிருந்தது, மறுபடி இறுக்கியதோடு சரி.

மாட்டி முடித்து, இரண்டு நாள் ஓட்டினேன். சுகம்தான். ஆனால் மனத்தில் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் இரவு புதிய குமிழைக் கழற்றிவிட்டு, இடுக்கித் தழும்புகளோடு கிடந்த பழைய அலுமினிய உருண்டையை எடுத்து மாட்டினேன். மரையில் ஒட்டியிருந்த பசைத் துணுக்குகளைச் சுரண்டிய பிறகு, இரண்டு விரலால் அடிவரை இறங்கியது. ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட்டினேன். வீட்டுக்கு வந்து எஞ்சினை நிறுத்திவிட்டு அதை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாகக்கூட இல்லை. புதியதையே திரும்ப மாட்டிவிட்டேன், கனம் பிடித்திருக்கிறது. பழையது மேசை மேல் காகிதம் பறக்காமல் இருக்கிறது. சுடாத குமிழைத்தான் மாற்றியிருக்கிறேன் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.